வியாழக்கிழமை ஜாடி

தார்ன்மவுத் ஊரில் சந்தைத் தெருவின் கோடியில் பஸ் திரும்ப இடம் கிடையாது. போருக்கு மூன்று வருஷம் முன்பு டிராலிபஸ் வந்தபோது, இலாகாக்காரர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழம்கூடத் தர முடியாது என்றார் பாதிரியார். அங்கே படுத்திருப்பவர்கள் எழுந்து வந்து சம்மதித்தால் பார்க்கலாம் என்றாராம். கசாப்புக் கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசினார், அதனால் பேச்சு நீளவில்லை. கடைசியில் 'மூன்று வாத்து' மதுக்கடைக்காரர்தான் பழைய குதிரை லாயத்து முற்றத்தைக் கொடுத்தார். முப்பதடிக்கு முப்பதடி.

அதற்குள் மாடி வைத்த பஸ் எப்படித் திரும்பும்? திரும்பாது. அதனால் இரும்பில் ஒரு வட்டத் தட்டு செய்து, நடுவில் ஒரு தண்டு வைத்து, தரையோடு தரையாகப் பதித்தார்கள். ராட்சசர் வீட்டுத் தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் அதன்மேல் ஏறி நிற்கும். ஆட்கள் இறங்கிவிடுவார்கள். கண்டக்டர் பஸ்ஸின் பின்மூலையில் தோளைக் கொடுத்துத் தள்ளினால் தட்டோடு சேர்ந்து பஸ்ஸும் சுற்றும். முற்றத்தைப் பார்த்து நின்ற வண்டி தெருவைப் பார்த்து நிற்கும். மோட்டார் அடுத்த வருஷம் வரும் என்றார்கள். இருபத்தொரு வருஷமாக அது அடுத்த வருஷம்தான்.

அந்தத் தட்டைத் தள்ளும் கண்டக்டர்களில் ஒரே பெண் மேவிஸ் ட்ரஸ்லர். வயது நாற்பத்தாறு. தொப்பி, டிக்கெட் மெஷின், பாக்கெட்டில் இருக்கும் மிட்டாய் எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் நூறு பவுண்டைத் தாண்ட மாட்டாள். போர்க்காலத்தில் ஆண்கள் இல்லாத குறைக்கு வேலைக்கு எடுத்தார்கள். போர் முடிந்தது, ஆண்கள் வந்தார்கள், மேவிஸ் போகவில்லை.

அவளுக்கு அந்தத் தட்டின்மேல் இருந்தது சாதாரண ஆசை அல்ல. வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு துரும்பும் அசையாது. கணவன் சிட்னி கணப்புக்கு எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பாத்திரம் கழுவும் தொட்டி பக்கம் அவன் முகம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கூண்டிலிருக்கும் கிளிகூட சிட்னி சொன்னால்தான் வாயைத் திறக்கும். ஆனால் ஒரு நாளைக்குப் பதிமூன்று தடவை, ஒன்பது டன் எடையுள்ள சிவப்பு பஸ் ஒன்று அவள் தோள் பட்டதும் 'இதோ' என்று திரும்பும். இந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அது பலத்தால் நடக்கிற காரியமில்லை. பஸ்ஸின் கனம் தண்டுக்கு நேர்மேலே விழுந்தால் தட்டு வெண்ணெய் மாதிரி சுற்றும். மூன்று விரல் முன்னேபின்னே நின்றால் ஒரு பக்கம் தாழ்ந்து, விளிம்பு கல்லில் உரசி, நான்கு ஆம்பிளைகள் முட்டினாலும் நகராது. ஆகவே எல்லாம் டிரைவர் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. மேவிஸின் டிரைவர் வில்ஃப் காஸ்லிங் ஒரு நாளும் அந்த இடத்தைத் தவறவிட்டதில்லை.

"எப்படி வில்ஃப்?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"கண்ணளவு, மேவிஸ். பதினெட்டு வருஷ சர்வீஸ். சொல்லிக் குடுத்தா வர்ற சமாச்சாரமா இது?" என்று மீசையைத் தடவிக்கொள்வான்.

பிறகு தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மதுக்கடைச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பான். "ஐவி, முட்டை இருக்கா?"

ஐவி ஸ்பர்ரியர்தான் இப்போது கடையை நடத்துகிறவள். ஜன்னல் திட்டில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய காடியில் ஊறிய முட்டைகள் இருக்கும். அவை பழைய ராஜா காலத்தவை என்று சிலரும், அதற்கும் முந்தியவை என்று சிலரும் சொல்வார்கள். "இருக்குய்யா, ஒண்ணு எடுத்துத் தரவா?" என்பாள் அவள்.

"ஐயய்யோ, வேணாம். இருந்தாப் போதும்."

இந்த மனுஷனுக்கு முட்டைமேல் ஏன் இத்தனை அக்கறை என்று மேவிஸ் யோசித்ததே இல்லை. யோசித்திருக்கலாம்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஏப்ரலில் விடுமுறைக்கு வந்த ஒரு சீமாட்டி, மேவிஸ் பஸ் தள்ளுவதைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டாள். ஒரு பெண்ணைச் செக்குமாடாக்கி வைத்திருக்கிறார்கள், இது நாகரிக நாடுதானா, அந்தப் பெண்ணின் முகத்தில் எத்தனை வேதனை என்று அரைப் பக்கம். முகத்தில் இருந்தது வேதனை அல்ல, புதினா மிட்டாய். ஆனால் அதை யார் கேட்டார்கள்? பஸ் இலாகாவின் கமிட்டி கூடியது. இந்தத் தடத்தில் இனி பெண் கண்டக்டர் கூடாது என்று முடிவாகும் நிலை வந்தது. தொழிற்சங்கம் குறுக்கே விழுந்ததால் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

பரீட்சை நடத்த வந்தவர் இன்ஸ்பெக்டர் க்ரம்மிட். ஆள் நல்ல கனம். அவர் ஏறினால் பஸ்ஸின் பின்படி ஒரு முறை மூச்சு விடும். கெட்டவர் அல்ல, தான் சொல்வது எல்லாருடைய நன்மைக்கும்தான் என்று மனசார நம்புகிறவர். அந்த ரகம்தான் ஆபத்து.

"மிஸஸ் ட்ரஸ்லர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தேறலைன்னா ஒண்ணும் கவலைப்படாதீங்க. காணாமப் போன சாமான் அறையில ஒரு இடம் காலியா இருக்கு. கணப்பு உண்டு. நானூறு குடை இருக்கு, சீட்டுக் கட்டி அடுக்கணும்."

"நானூறு குடைக்கு நடுவுல உக்காந்து நானும் காணாமப் போகணுமா சார்?"

"வேலை சுலபம்மா. உக்காந்த எடத்துலயே பாக்கலாம்."

"என் வீட்டுக்காரரை வெச்சுக்குங்க சார். அவருக்கு அதுல நல்ல பழக்கம்."

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பரீட்சை. நிபந்தனைகள் மூன்று. வண்டியின் கொம்பு இறங்கியதிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் தட்டு அரைச்சுற்றுச் சுற்ற வேண்டும். வேறு ஒருவர் கைகூடப் படக் கூடாது. கொம்பை இறக்கிய பிறகு மறுபடி ஏற்றி வண்டியை நகர்த்தினால் தோல்வி.

கொம்பு என்பது பஸ்ஸின் கூரைமேல் நிற்கும் இரண்டு நீளக் கம்புகள். அவை தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியைத் தொட்டால்தான் வண்டிக்கு உயிர். தட்டு சுற்றும்போது கம்பிகள் சிக்கிக்கொள்ளாமலிருக்க, கண்டக்டர் நீள மூங்கிலால் அவற்றை இழுத்து இறக்கிக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். இறக்கியபின் வண்டி வெறும் அலமாரி.

அன்று மழை. முற்றத்துக் கூரை ஓரமாகக் கையில் கடிகாரத்தோடு க்ரம்மிட் நின்றிருந்தார். வில்ஃப் வண்டியைத் தட்டின்மேல் ஏற்றி, வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்து, வழக்கம்போல நிறுத்தினான். மேவிஸ் மூங்கிலை எடுத்துக் கொம்புகளை இறக்கினாள். க்ரம்மிட் கடிகாரத்தை அழுத்தினார்.

மேவிஸ் பின்மூலையில் தோளைக் கொடுத்தாள். தட்டு ஒரு நெல்லளவு நகர்ந்து 'கர்ர்' என்று நின்றது.

இன்னொரு தடவை தள்ளினாள். நகரவில்லை. குனிந்து பார்த்தாள். பின்பக்க விளிம்பு கல்லில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பதிமூன்று வருஷத்தில் முதல்முறையாக வண்டி தப்பாக நின்றிருக்கிறது. அதுவும் இன்றைக்கு.

ஓட்டுனர் இருக்கையிலிருந்து வில்ஃப் இறங்கி வந்தான். முகம் சுண்ணாம்பு.

"மேவிஸ், ஜாடி."

"என்ன ஜாடி?"

"முட்டை ஜாடி. எடம் மாறியிருக்கு."

ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. ஜாடியை ஒட்டி ஒரு புதுப் பூந்தொட்டி. அதற்கு இடம் விட்டு ஜாடி தெருப் பக்கமாக மூன்று விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. பெரிய அதிகாரி வருகிறாரே, கடை நன்றாக இருக்கட்டும் என்று ஐவி பத்து நிமிஷத்துக்கு முன்தான் ஜன்னலைச் சிங்காரித்திருந்தாள்.

"என் மூக்கும் ஜாடியும் நேருக்கு நேர் வந்தா பிரேக். அவ்வளவுதான்" என்றான் வில்ஃப், தலையைக் குனிந்துகொண்டு.

"கண்ணளவு, கண்ணளவுன்னு மீசையைத் தடவினியே, படுபாவி!"

"யாராச்சும் முட்டையப் பாத்து வண்டி ஓட்டறேன்னு சொல்வானா, மேவிஸ்?"

"ஒரு நிமிஷம் ஆச்சு!" என்று கூவினார் க்ரம்மிட்.

நானூறு குடைகள் மேவிஸின் கண்ணுக்கு முன்னால் விரிந்தன. சீமாட்டிமேல் கோபம், ஐவிமேல் கோபம், முட்டை போட்ட கோழிமேல்கூடக் கோபம். வண்டி இன்னும் மூன்று விரல் உள்ளே போகாமலேயே நின்றுவிட்டது, அதனால் பின்பக்கம் கனம். பின்பக்கத்தைக் குறைக்க வழியில்லை. முன்பக்கம் கூட்டலாம். கூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கூரை ஓரத்தில் நனைந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் க்ரம்மிட்டை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், என்ன சார் இது, நீங்க போய் மழையில நிக்கறீங்க? காயிதமெல்லாம் நனையுது பாருங்க. வண்டி மாடியில முன் சீட்ல உக்காருங்க. அங்கேருந்து முழு முற்றமும் தெரியும்."

"தட்டு சுத்தறப்ப பயணிகள் உள்ள இருக்கக் கூடாதே?"

"நீங்க பயணியா சார்? நீங்க அதிகாரி."

இந்த வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்தது வேறு, படி ஏறுவது வேறு. அந்தக் குறுகலான வளைபடியில் அவர் ஏறிய வேகத்துக்கு மேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படியிலும் நின்று, "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்" என்று நேர்மையாக அறிவித்தார். மாடிக்குப் போனதும் நடு சீட்டில் உட்காரப் போனார்.

"இன்னும் முன்னாடி சார்! கண்ணாடி ஓரமா!"

கடைசியாக அவர் முன் சீட்டில் இறங்கினார். கீழே தட்டு மெல்ல முனகி, கல்லிலிருந்து விளிம்பை விடுவித்துக்கொண்டது. மேவிஸ் தோளைக் கொடுத்தாள். ஒன்பது டன் பஸ்ஸும் அதற்குள் ஒரு இன்ஸ்பெக்டரும் 'இதோ' என்று திரும்பினார்கள். க்ரம்மிட்டின் கண்ணாடிக்கு முன்னால் மதுக்கடை போயிற்று, கசாப்புக் கடை போயிற்று, தேவாலயக் கோபுரம் வந்தது, சந்தைத் தெரு வந்து நின்றது. நான்கு நிமிஷம் இருபது செகண்ட்.

இறங்கி வந்தவர் முகத்தில் ஒரு பிரகாசம். "மிஸஸ் ட்ரஸ்லர், ஒண்ணு கவனிச்சேன். நான் வெளிய நின்னப்ப தட்டு நகரலை. உள்ள போய் உக்காந்ததும் நகர்ந்துது. ஏன்னு தெரியுமா?"

வில்ஃப் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"மேற்பார்வை!" என்றார் க்ரம்மிட். "மேலதிகாரி பக்கத்துல இருக்கற தெம்புல வேலை தன்னால நடக்குது. நான் கமிட்டிக்கு எழுதப் போறேன். ஆனா ஒரு தடவை நடந்தா அதிர்ஷ்டமா இருக்கலாம். இன்னும் எட்டு வியாழக்கிழமை நான் வர்றேன். அதே சீட்ல உக்காந்து பாக்கறேன். அப்புறம்தான் கடைசி முடிவு."

அன்று வேலை முடிந்ததும் மேவிஸ், வில்ஃப், ஐவி மூவரும் மதுக்கடைச் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அதற்குள் வில்ஃப் மற்ற டிரைவர்களைச் சாடைமாடையாக விசாரித்து வந்திருந்ததில் இன்னொரு உண்மை வெளியாயிற்று. இந்தத் தடத்தில் ஓட்டும் ஆறு பேருமே அந்த ஜாடியைப் பார்த்துத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் அது தன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தான். ஆறு பேரும் மீசை வைத்திருந்தார்கள்.

"எட்டு வாரம் அந்த மனுஷன் முன் சீட்ல உக்காரப் போறார்" என்றாள் மேவிஸ். "வண்டி சரியான எடத்துல நின்னா, அவர் கனத்துல முன்பக்கம் தாழ்ந்து தட்டு நகராது. என் பொழைப்பு போச்சு."

ஐவி எழுந்துபோய் ஜன்னல் திட்டைப் பார்த்தாள். ஜாடி இருபது வருஷம் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம் இருந்தது. அதிலிருந்து தெருப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, கரித்துண்டால் இன்னொரு வட்டம் போட்டாள். "இது வியாழக்கிழமை வட்டம். பதினோரு மணி வண்டிக்கு மட்டும் ஜாடி இங்க. மத்த நேரம் அங்க. போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தார்கள். நான்கு வியாழன் நன்றாகவே போயிற்று. ஐந்தாவது வாரம் வந்த க்ரம்மிட்டின் கால்சட்டை இடுப்பில் தொளதொளவென்றிருந்தது. டாக்டர் வெண்ணெயையும் ரொட்டியையும் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அன்றைக்குத் தட்டு முனகிக்கொண்டேதான் சுற்றியது; மேவிஸின் தோளில் காயம். மறு வாரத்திலிருந்து ஐவி பரீட்சைக்கு அரை மணி முன்னதாகவே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுடச்சுட மாட்டிறைச்சிப் பணியாரம் இரண்டு வைத்தாள். மேவிஸ் மூன்றாவதை வைத்தாள்.

"டாக்டர் வேண்டாம்னு சொன்னார்ம்மா."

"டாக்டர் மழையில நின்னு வேலை பாக்கறாரா சார்? சாப்பிடுங்க. உருளைக்கிழங்கு?"

"எங்க வீட்டுல யாரும் இப்படிக் கேட்டுக் கேட்டுப் போட்டதில்ல" என்றார் க்ரம்மிட் ஒரு நாள், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. மேவிஸுக்குச் சுரீரென்றது. தன்னைப் போலவே வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளாத மனுஷன். அவரைப் போய் மூட்டையாகப் பயன்படுத்துகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் உருளைக்கிழங்கை வைத்தாள்.

எட்டாவது வியாழன் வந்தது. வண்டி வியாழக்கிழமை வட்டத்துக்கு நேராக நின்றது. கொம்பு இறங்கியது. மேவிஸ் அவருக்காகப் படியைக் காட்டினாள். க்ரம்மிட் நகரவில்லை. தொப்பியைக் கழற்றி வில்ஃபிடம் கொடுத்தார்.

"இன்னைக்குக் கடைசி நாள். அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை தள்ளிப் பாத்துடறேன். நீங்க போய் என் சீட்ல உக்காருங்க."

"நானா? வேணாம் சார். உங்க இடுப்பு…"

"போங்கம்மா. எட்டு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன். இதுல என்ன பெரிய வித்தை?"

மேவிஸ் மாடிக்குப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். இருநூற்றைம்பது பவுண்டு உட்கார வேண்டிய இடத்தில் நூறு பவுண்டு. பாக்கெட்டிலிருந்த மிட்டாய் எத்தனை உதவும்? கண்ணை மூடிக்கொண்டாள். கீழே க்ரம்மிட் தோளைக் கொடுத்தார். பிறகு மறு தோள். பிறகு முதுகு. பிறகு என்னவெல்லாமோ. முகம் பீட்ரூட் ஆயிற்று. காலரின் பித்தான் ஒன்று தெறித்து ஜன்னல் கண்ணாடியில் பட்டது. தட்டு அசைந்து கொடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் முடிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேவிஸ் ஓடி வந்தாள். இனி மறைக்க முடியாது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "சார், அது வந்து…"

"இருங்க." கையைத் தூக்கினார். எழுந்து, தள்ளாடிப் படியேறி, தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். "இப்ப நீங்க."

வேறு வழி? மேவிஸ் தள்ளினாள். பஸ் திரும்பியது. அவமானத்தில் பாதிக் கண் மூடிக்கொண்டு தள்ளியதால் வழக்கத்தைவிட வேகமாகவே திரும்பியது.

க்ரம்மிட் இறங்கி வந்து வில்ஃபிடமிருந்து தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். "இருநூற்றைம்பது பவுண்டு எடையுள்ள ஆம்பளை முட்டி மோதியும் ஒரு இம்மி நகரலை. என்னையும் உள்ள வெச்சுக்கிட்டு நீங்க ஒரு தோள்ல சுத்தறீங்க. மிஸஸ் ட்ரஸ்லர், நாங்க இத்தனை நாளா தலைகீழாப் புரிஞ்சு வெச்சிருக்கோம்."

"சார், உண்மை என்னன்னா…"

"உண்மையை என் கண்ணால பாத்தாச்சு" என்றார் க்ரம்மிட். ஐவி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மேவிஸைப் பார்த்து வாயைப் பொத்திக் காட்டினாள்.

பத்து நாளில் கமிட்டியின் உத்தரவு வந்தது. சந்தைத் தெருத் தட்டு ஆண்களின் உடலமைப்புக்கு ஏற்றதல்ல. இனி அந்தத் தடத்தில் பெண் கண்டக்டர்கள் மட்டுமே பணியமர்த்தப்படுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு மேவிஸ் ட்ரஸ்லருடையது. அடியில் ஒரு சிறு குறிப்பு: மாதம் ஒரு வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் மேற்பார்வைக்கு வருவார், அவருக்கு மாட்டிறைச்சிப் பணியாரம் வைத்தால் ஆட்சேபம் இல்லை.

அன்று சாயங்காலம் மேவிஸ் கடிதத்தோடு வீட்டுக்குப் போனாள். சிட்னி கணப்புக்கு எதிரே நாற்காலியில் இருந்தான். தொட்டியில் காலைப் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. கடிதத்தைப் படித்துக் காட்டினாள். "ம்" என்றான் சிட்னி.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். நாற்காலியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தாள். பின்கால்கள் இரண்டிலும் சின்னச் சக்கரம் இருந்தது. அத்தனை வருஷமாக யாரும் கவனிக்காத சக்கரம்.

"சிட்னி, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காரு."

"எதுக்கு?"

"சும்மா உக்காரேன். இன்னும் கொஞ்சம். அங்கதான்."

அவன் முன்னால் சாய்ந்தான். பின்கால்கள் லேசாயின. மேவிஸ் நாற்காலியின் பின்மூலையில் தோளைக் கொடுத்தாள். சிட்னியின் முன்னால் கணப்பு போயிற்று, ரேடியோ போயிற்று, கூண்டுக் கிளி போயிற்று, பாத்திரத் தொட்டி வந்து நின்றது.

"நாலு செகண்ட்" என்றாள் மேவிஸ், துடைக்கும் துணியை அவன் மடியில் போட்டுக்கொண்டே.